இந்த நார் எங்கிருந்து வந்தது, கண்ணு?

கண்ணு,

உட்கார்ந்து எழுத முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பிக்கிறது, உன் அம்மா சமையலறையிலிருந்து முறைக்கிறாள். அதனால் துணி தேய்க்கும் மேசைமேல் காகிதத்தைப் போட்டு நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். சுற்றி வளைத்தால் இந்த முறையும் சொல்லாமலே விட்டுவிடுவேன் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்பில் கட்டி. இடது பக்கம், காம்புக்கு நேர் அடியில். ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்று உறுதி செய்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

இதை நீ முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் நீ பெங்களூரிலிருந்து கூப்பிடுகிறாய். கூப்பிடும்போதெல்லாம் சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனை எடுக்கிறேன். எடுத்ததும் இங்கே மழை பெய்ததா, அங்கே பெய்ததா என்று கேட்டுவிடுகிறேன். போன வாரம் நொய்யல் ஆற்றில் தண்ணீர் வந்ததைப் பற்றி அவ்வளவு நேரம் பேசினேனே, உனக்குச் சந்தேகம் வரவில்லையா? நொய்யலில் தண்ணீர் வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன. உன் அம்மா பக்கத்தில் நின்று, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் போனை அவளிடம் கொடுத்துவிட்டு மோட்டார் போடப் போய்விட்டேன். தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

தாராபுரத்தில் உன் சித்தப்பா பெண்ணின் கல்யாணம் நினைவிருக்கிறதா? நீ ஆராய்ச்சியில் சேர்ந்த புதிது. மண்டபத்தில் பார்த்தவர்களெல்லாம் பையன் என்ன படிக்கிறான் என்று என்னைக் கேட்டார்கள். "செல்லு பத்திப் படிக்கறானுங்க" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பந்தியில் எதிர் வரிசையிலிருந்த சென்னியப்பன், அதுதான் என்னோடு தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் நடப்பாரே, அவர் உன்னிடமே நேராகக் கேட்டுவிட்டார். நீயும் மறைக்காமல் பதில் சொன்னாய். "மார்பகக் கட்டிக்குள்ள இருக்கிற இணைப்புத் திசு எங்கிருந்து வருதுன்னு பாத்துட்டு இருக்கறனுங்க மாமா." அந்த வரிசை முழுக்கத் தலை குனிந்து இலையைப் பார்த்தது. பெண்கள் பந்தியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நான் ஒப்புட்டு வாளியோடு போனவனை இழுத்து நிறுத்தி, "இவனுக்கு இன்னொண்ணு வைப்பா" என்றேன். நீ வேண்டாம் என்று கையை நீட்டினாய். நான் கையை விலக்கிவிட்டு வைக்கச் சொன்னேன். இனிப்பை வைத்து உன் வாயை அடைத்தேன் என்று உனக்கும் தெரியும், சென்னியப்பனுக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது காரில் சண்டை. பல்லடம் வருவதற்குள் உன் குரல் உயர்ந்துவிட்டது. "அப்பா, நான் என்ன திருட்டு வேலையா பண்றேன்? மாருன்னா பொம்பளைங்க சமாச்சாரம்னு ஏன் மூஞ்சியச் சுளிக்கறீங்க? உங்களுக்கும் மாரு இருக்குதுங்கப்பா." இந்த வயதில் எனக்கு மார் இருக்கிறது என்று என் மகன் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல்பட்டேன். பின் சீட்டில் உன் அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

ஆனால் நீ விடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே விளக்கிச் சொன்னாய். "கட்டின்னா முழுக்கப் புத்துச் செல்லுன்னு நெனைக்கறீங்க. அப்படி இல்லீங்கப்பா. சில கட்டியில பாதிக்கு மேல வெறும் நாரும், அந்த நாரை உண்டாக்கற செல்லும்தான். கைக்குக் கல்லாட்டம் தட்டுப்படறதே அதுதான். அதெல்லாம் நம்ம உடம்போட சாதாரணச் செல்லுங்க. அதுங்க எங்கிருந்து அங்க வந்து சேருதுங்கறதுதான் கேள்வி." பக்கத்திலேயே ஒழுங்காக இருந்த செல்கள் குணம் மாறிவிட்டனவா, எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி ரத்தத்தில் வந்து சேர்ந்தவையா, மார்பிலிருந்த கொழுப்புச் செல்கள் கொழுப்பை இழந்து இப்படி ஆயினவா என்று அடுக்கினாய். புற்றுச் செல்லே வேஷம் மாற்றிக்கொள்கிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை என்றாய். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "வர்ற வழி தெரிஞ்சா மறிக்கப் பாக்கலாமுங்க. எல்லா நாரும் எதிரி இல்லீங்கப்பா. சிலது கட்டிக்குச் சோறு போடுது, சிலது அதுக்கு வேலி போடுது. எது எதுன்னு தெரியாம எல்லாத்தையும் வெட்டிப்போட்டா வேலியும் போயிரும்."

நான் வேலை பார்த்த காலமெல்லாம் மில்லுக்குப் பஞ்சு வாங்கியவன். பஞ்சு மூட்டையை, பேல் என்போம், கிழித்து ஒரு பிடி எடுத்து, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் இழுத்து இழுத்து, நாரின் நீளம் பார்த்து, இது குஜராத், இது ஆந்திரா என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவன். பிற்பாடு அந்த வேலையை மெஷின் செய்தது, என்னைவிட நன்றாகவே செய்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒன்று தெரியும். பேலாக இருக்கும்வரைதான் எந்த ஊர்ப் பஞ்சு என்று சொல்லலாம். கலந்து, கார்டிங் மெஷினில் சீவி வெளியே வந்த பிறகு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. அதற்காகவே சில லாட்டுகளுக்குக் கலப்பதற்கு முன்பே சாயம் தெளிப்போம், துவைத்தால் போய்விடுகிற சாயம். நூலாகும்வரை அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். நீ அந்தச் செல்களைப் பற்றிச் சொன்னதும் வாய் சும்மா இருக்கவில்லை. "கலந்ததுக்கு அப்பறம் தேடி என்ன பிரயோசனம்? கலக்கறதுக்கு முன்னாலயே சாயம் போடோணும்" என்றேன். நீ வண்டியை ஓரம் கட்டியே விட்டாய். "அதையேதானுங்கப்பா நாங்க எலியில பண்றோம்! மொதல்லயே செல்லுக்கு நிறம் குடுத்துப்போட்டு, கட்டி வந்தப்பறம் அந்த நிறம் எங்க இருக்குதுன்னு பாக்கறோம். மனுசங்ககிட்ட அப்படிப் பண்ண முடியாது, அதுதான் எங்க கஷ்டம்." உன் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோது கூட நீ அப்படிச் சிரித்ததில்லை. "இப்பவாவது ஊர்ல சொல்லுவீங்களா நான் என்ன படிக்கறேன்னு?" என்று கேட்டாய். பெட்ரோல் கம்மியாக இருக்கிறது பார் என்றேன். உன் சிரிப்பு போய்விட்டது. வண்டியைக் கிளப்பினாய்.

இரு, யாரோ கேட்டைத் தட்டுகிறார்கள்.

கேபிள் பையன்தான். எங்கே விட்டேன்? கட்டி. குளிக்கும்போது சோப்பு போடுகையில் தட்டுப்பட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, பஞ்சு பார்ப்பதுபோல உருட்டிப் பார்த்தேன். ஒரு விதை அளவு. வலியில்லை. சீட் பெல்ட் அழுத்தியதாக இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். எத்தனையோ ஆயிரம் பேலுக்குத் தீர்ப்புச் சொன்ன விரல் பாரு, அதற்குத் தெரியாதா என்கிற திமிர். அப்புறம் தினமும் உருட்டிப் பார்ப்பேன். முதலில் நழுவியது. பிறகு நழுவவில்லை. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரிடம் போனால் மார்பு என்று சொல்லவேண்டுமே, அதுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். துவைக்கப் போட்ட பனியனை எடுத்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் சின்னதாக ஒரு கறை. "ஏனுங்க, இது என்னங்க?" என்றாள். பீட்ரூட் பொரியல் சிந்தியிருக்கும் என்றேன். "நம்ம ஊட்டுல பீட்ரூட்டு செஞ்சே ஒரு மாசமாச்சுங்க. பனியனுக்கு உள்பக்கமா வந்து பொரியல் சிந்துச்சாக்கும்?" என்றாள். மாட்டிக்கொண்டேன். கழற்றிக் காட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். ஆனால் எந்த டாக்டரிடம்? இதயம் பார்க்கிறவரிடம். நெஞ்சில் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். உடனே இசிஜி எடுக்கப் படுக்க வைத்தார்கள். இசிஜி எடுக்கிற பெண் என் மார்பில் ஒவ்வொன்றாக வயரை ஒட்டினாள். கட்டிக்குப் பக்கத்திலேயே ஒன்றை ஒட்டினாள். இப்போது சொல்லிவிடலாம், இந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. "அசையாமப் படுங்க சார்" என்றாள். அசையாமல் படுத்தேன். இதயம் நன்றாக இருக்கிறது என்று காகிதம் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து உன் அம்மாவிடம் காட்டி, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்றேன். மெத்தப் படித்த மகனைப் பெற்றவன் செய்த காரியம் இது. அவள் அந்தக் காகிதத்தை வாங்கவே இல்லை. "இப்ப வாரீங்களா, நான் அவனுக்குப் போன் பண்ணட்டுமா?" என்றாள். உனக்குப் போன் என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மார்பைக் காட்டுவதா, உனக்குத் தெரிவதா, எதற்கு அதிகம் பயந்தேன் என்று நீயே பார்த்துக்கொள்.

அவள் என்னை இழுத்துக்கொண்டு போன இடத்தில் அறை முழுக்கப் பெண்கள். சுவரெல்லாம் ரோஸ் நிறம். நர்ஸ் வெளியே வந்து உன் அம்மாவைப் பார்த்து, "உள்ள வாங்கம்மா" என்றாள். "எனக்கில்லீங்க, இவருக்கு" என்றாள் உன் அம்மா. அத்தனை பேரும் திரும்பினார்கள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போது மூலையிலிருந்த ஓர் அம்மா, தலையில் முடியில்லை, துண்டு கட்டியிருந்தார், அன்னூர்ப் பக்கமாம், தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். "உங்களுக்குமுங்களா? உக்காருங்க. எனக்குக் கல்லாட்டம் இருந்துச்சுங்க. நானும் ஊட்டுல யாருக்கும் சொல்லாம வெச்சிருந்து பெருசு பண்ணிப்போட்டேன்" என்றார். அவர் குரலில் இரக்கம் இல்லை, கேலியும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. எல்லோர் முன்னாலும்.

டாக்டர் ஒரு பெண். உன்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டார். நான் பளிச்சென்று, "இல்லீங்க" என்றேன். யோசிக்காமலே வந்த பதில் அது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, உக்கடத்து அக்காவுக்கு?" என்றாள். ஆமாம், உன் பெரிய அத்தை. அவளுக்கு வயிற்றுப்புண் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். ஊருக்கே அப்படித்தான் சொன்னோம். அவளுக்கு இருந்தது மார்பில். நீ உன் ஆராய்ச்சிக்கு இதை எடுத்தபோது கூட, டேய், உன் அத்தை இதில்தான் போனாள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ எவ்வளவு கேள்வி கேட்டிருப்பாய். அத்தனை வருடம் பழகிய பொய், டாக்டர் முன்னால் கூட வாயிலிருந்து தானாக வந்து விழுகிறது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "இது முக்கியம் சார். உங்க பசங்களுக்கும் இது முக்கியம்" என்றார்.

ரிப்போர்ட் வந்த அன்று அதில் நார் மிக அடர்த்தியாக இருக்கிறது என்று எழுதியிருப்பதாக அவர் படித்துச் சொன்னார். எனக்குச் சட்டென்று பல்லடம் ரோடு ஞாபகம் வந்தது. "அந்த நார் எங்கிருந்து வருதுங்க டாக்டர்? பக்கத்துல இருந்ததேதானுங்களா, இல்ல எலும்புல இருந்து வந்ததுங்களா?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது இன்னும் முழுசாத் தெரியலீங்க சார். ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். "என்ற பையன் அதைத்தானுங்க படிக்கறான். மார்பகக் கட்டிக்குள்ள இருக்கிற இணைப்புத் திசு எங்கிருந்து வருதுன்னு பாக்கறான்." கண்ணு, ஒரு வார்த்தை கூட விடாமல், நீ பந்தியில் சொன்னதுபோலவே சொன்னேன். கதவு திறந்திருந்தது. வெளியே எல்லோருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். பெருமையாக இருந்தது. அன்று தாராபுரத்தில் இருந்திருக்க வேண்டிய பெருமை. "அப்ப அவருக்குச் சொல்லிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். நான் உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது கட்டியால் இல்லை. கட்டியை எடுத்துவிடுவார்கள், அதற்கப்புறம் மருந்து இருக்கிறது, ஆண்களுக்கும் நன்றாகவே குணமாகிறது என்று டாக்டர் தைரியம் சொல்லியிருக்கிறார். என் உயிரைப் பற்றி நான் அவ்வளவாகப் பயப்படவில்லை, இதை நீ நம்பவேண்டும். ஆனால் உன் அத்தைக்கும் வந்து எனக்கும் வந்திருப்பதால் இது குடும்பத்தில் இறங்குகிற வகையா என்று பார்க்க என் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அப்படி இருந்தால் நீயும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். நீ எங்கிருந்து வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று எலிகளுக்கு நிறம் கொடுத்துத் தேடுகிறாய். அந்த நார் எங்கிருந்து வருகிறதோ எனக்குத் தெரியாது, அது உன் வேலை. ஆனால் அந்த நோய் என்னிடமிருந்து உனக்கு வந்திருக்குமோ என்று நினைத்தால் என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. அதை உன்னிடம் மறைத்து வைத்துக்கொண்டு நொய்யலில் தண்ணீர் வந்த கதை பேசியிருக்கிறேன். அத்தை விஷயத்தில் நாங்கள் சொன்ன பொய்யை, கொஞ்சம் விட்டால் உன் உயிரைப் பணயம் வைத்தும் காப்பாற்றியிருப்பேன்.

நேற்றுக் காலை நடக்கப் போனபோது, உனக்குச் சொல்வதற்கு முன் ஒத்திகை பார்க்கலாம் என்று சென்னியப்பனிடம் சொன்னேன். தேங்காய் விலையைப் பற்றி அவர் புலம்பிக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து, "எனக்கு மாருல புத்துங்க. வியாழக்கிழமை ஆபரேஷன்" என்றேன். சிரிப்பார், இல்லாவிட்டால் ஐயோ பாவம் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் நின்றுவிட்டார். எங்களைத் தாண்டி எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மெல்லச் சட்டைப் பொத்தான் ஒன்றைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். "ஏனுங்க, இந்த எடத்துலதானுங்களா?" என்றார். "கொழுப்புக் கட்டின்னு நெனச்சு உட்டுப்போட்டேனுங்க. ஊட்டுல யாருக்கும் தெரியாது." நான் அவர் கையைப் பிடித்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்தேன். நிஜமாகவே அது கொழுப்புக் கட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அவரை அதே ரோஸ் அறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கு இடம் விட்டு உட்காரச் சொல்ல நான் இருக்கிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதத்தை எங்கள் ரேஸ்கோர்ஸ் நடைக் குழு மாதாமாதம் போடுகிற பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். ஒப்புட்டுக் கதையையும் சேர்த்துத்தான். சென்னியப்பன் பெயரை மட்டும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போடுவேன். உன் அம்மா, "அந்த பீட்ரூட்டை மட்டும் எடுத்துருங்க, மானம் போகுது" என்கிறாள். எடுக்கமாட்டேன். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் பீட்ரூட் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ. உனக்குக் கூரியரில் முதலில் வந்துவிடும். உன்னைக் கேட்காமல் உன் படிப்பைப் பற்றி ஊருக்குச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. சொல்லாமல் இருந்ததற்குத்தான் நீ கோபித்துக்கொள்ள வேண்டும்.

எடுக்கிற சதையில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டர் கேட்டார். தாராளமாக என்றேன். அது உன் லேபுக்கு வராது, வேறு எங்கேயோ போகும். போகட்டும். யார் பெற்ற பிள்ளையோ அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும். அந்தப் பிள்ளையின் அப்பாவும் பந்தியில் அதன் வாயை அடைக்காமல் இருக்கவேண்டும்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் செய். லேபில் இருந்தாலும் சரி, யார் பக்கத்தில் இருந்தாலும் சரி, இதைப் படித்து முடித்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கையை உள்ளே விட்டுப் பார். இரண்டு பக்கமும் பார். அவசரப்படாமல் பார். பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்காமல் கூப்பிடு. நான் மழையைப் பற்றிக் கேட்கமாட்டேன். போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா